பீரோவில் பூட்டிய உப்பு

போன செவ்வாய்க்கிழமை வண்ணார்பேட்டையில் ஒரு டாக்டர் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். முதல் கேள்விக்கு நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னேன். இரண்டாவதற்கு என் மகள் பதில் சொன்னாள்.

உடன் வந்தவர்கள் என் மகள் ஸ்டெல்லா, அவள் மகள் ஜெபா. ஜெபாவுக்கு ஒன்பது வயது. கைக்குழந்தையிலிருந்தே வலிப்பு. நடந்தால் தள்ளாடுவாள். காதில் மெஷின். இத்தனை வருஷ அலைச்சலுக்குப் பிறகு, இப்போதுதான் ஜீன் ரிப்போர்ட் வந்திருந்தது.

"சொந்தத்துலயா கட்டிக் குடுத்திய?" என்றார் டாக்டர்.

என் அக்கா மகனுக்கு என்றேன், பெருமையாகவே. ஸ்டெல்லா அன்று வேண்டாம் என்று அழுததைச் சொல்லவில்லை.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டார். மூளையில் நரம்பு செல்களுக்குத் துணையாக கிளியா செல்கள் இருக்கின்றன. நரம்பு வேலை செய்யும்போது வெளியே கொட்டும் பொட்டாசியத்தை, இவை ஒரு வாசல் வழியாக உள்ளே வாங்கிக்கொள்ளும். அந்த வாசலைக் கட்டும் ஜீன்தான் பழுது. தாயிடம் ஒன்று, தகப்பனிடம் ஒன்று — பழுதான இரண்டும் பிள்ளையிடம் சேர்ந்துவிட்டன. அதே வாசல் காதிலும் உண்டு. சிறுநீரகத்திலும் உண்டு.

முப்பது வருஷம் கரும்பலகையில் செல்லை வரைந்த உயிரியல் வாத்தியார் நான். வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் அந்த இரண்டாவது கேள்வி.

"பிள்ளை உப்பை அள்ளித் திங்காளா?"

ஸ்டெல்லா என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "எங்கப்பா உப்பு ஜாடியை பீரோவுல வச்சுப் பூட்டியிருக்காவ, டாக்டர்."

அவர் பேனாவை மூடினார். "அவ திருடல ஐயா. மூத்திரத்துல போற உப்பை உடம்பு திருப்பிக் கேக்குது."

வாசகர்களே, ஞாபகம் இருக்கிறதா? இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் இதே பத்தியில், ஜெபாவை 'எங்கள் வீட்டு உப்புத் திருடி' என்று எழுதினேன். கல்லுப்பைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு முழிப்பாள் என்று எழுதினேன். சிரித்துக் கடிதம் போட்டீர்கள். ஸ்கேலால் அவள் விரலில் அடித்ததை மட்டும் எழுதவில்லை. எழுதியிருந்தால் ஒருவராவது ஏன் என்று கேட்டிருப்பீர்களோ?

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தேன். பத்திரங்களுக்குப் பக்கத்தில் ஜாடி. எடுத்துப்போய் ஜெபா முன்னால் வைத்து, மூடியைக் கழற்றி, எடுத்துக்கொள் என்று ஜாடை காட்டினேன்.

அவள் ஜாடியைப் பார்க்கவில்லை. என் கையில் ஸ்கேல் இருக்கிறதா என்று பார்த்தாள்.