சீசன் முடிஞ்சிருச்சு அண்ணாச்சி

பிளாஸ்டிக் பைல் கவர் வேர்வையில முழங்கையோட ஒட்டிக்கும். பிரிக்கும்போது சர்ருனு ஒரு சத்தம் வரும் பாருங்க... வேலை தேடுன அந்த வருஷத்தை நெனச்சா எனக்கு மொதல்ல அந்தச் சத்தம்தான் ஞாபகம் வருது.

நானும் பேச்சியம்மாளும் விருதுநகர்ல ஒண்ணா பி.காம் முடிச்சவங்க. ரெண்டாயிரத்துச் சொச்சம். தெனமும் காலையில சிவகாசி பஸ் ஏறுவோம். பட்டாசு கம்பெனி ஆபீஸ், காலண்டர் அடிக்கிற பிரஸ் ஆபீஸ்னு ஒண்ணு விடாம ஏறி இறங்குவோம்.

எங்கப்பா தெளிவா சொல்லிட்டார். "தை வரைக்கும் பாரு. வேலை அமையலேன்னா மாப்பிள்ள பாத்துருவேன்."

எங்க பக்கத்துல யாரும் மூஞ்சிக்கு நேரா வேலை இல்லேன்னு சொல்ல மாட்டாங்க. உக்கார வைப்பாங்க, டீ வாங்கிக் கொடுப்பாங்க, கடைசியில "தீபாவளி சீசன் முடியட்டும்மா, வாங்க பாப்போம்"னு அனுப்புவாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு ஊருக்கே தெரியும்.

பேச்சி மட்டும் அதை ஒத்துக்கவே மாட்டா.

"அம்புட்டு வேலைக்கு நடுவுல டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லிருக்காக. அதை நம்பாம இருந்தா மரியாதையாடி?"

தீபாவளி முடிஞ்சு ரோட்டுல வெடிச்ச பேப்பர் குப்பைகூட அள்ளல... மறுபடி அதே ஆபீஸ் வாசல்கள்ல போய் நின்னா. "சீசன் முடிஞ்சிருச்சு அண்ணாச்சி, வரச் சொன்னீக." அவங்க திருதிருன்னு முழிப்பாங்க. நான் வெக்கத்துல அவ முதுகுக்குப் பின்னாடி நிப்பேன்.

"காலண்டர் சீசன் முடியட்டும்மா..."

சிவகாசியில சீசனுக்கா பஞ்சம்?

மார்கழியில பேச்சிக்கு சாத்தூர் பக்கம் ஒரு மில் ஆபீஸ்ல வேலை கெடைச்சிருச்சு. எனக்கு இல்ல. இனிமே தனியாத்தான் அலையணும்னு நெனச்சு உக்காந்திருந்தேன். மறுநாள் காலையில வாசல்ல வந்து நிக்கிறா.

"கெளம்புடி, சிவகாசிக்கு."

"உனக்குத்தான் வேலை கெடைச்சிருச்சே?"

"அதைச் சொல்லத்தான் போறேன். வரச் சொன்னவுக நமக்குன்னு எடத்த வச்சுக்கிட்டு இருந்தா பாவமில்லையா?"

சிரிப்பு வந்துச்சு. ஆனா அவ நெசமாத்தான் சொன்னா. ஒவ்வொரு ஆபீஸா போய், தகவல் சொல்லி, கும்பிட்டுட்டு வந்தா. கடைசியா நாரணாபுரம் ரோட்டுல ஒரு பட்டாசு கம்பெனி. மேனேஜர் வயசானவர், நெத்தி நெறைய திருநீறு.

"அண்ணாச்சி, எனக்கு வேற எடத்துல வேலை அமைஞ்சிருச்சு. சொல்லாமப் போனா நல்லாருக்காதுன்னு வந்தேன். எனக்குன்னு வச்சிருக்க எடத்த இவளுக்குக் கொடுங்க. என்னைய விட நல்லாக் கணக்குப் பாப்பா."

அப்படி ஒரு எடமே கெடையாது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு அப்படியே ஓடிரலாம்போல இருந்துச்சு.

அவர் கண்ணாடியைக் கழட்டி பேச்சியையே பாத்தார். அவ மூஞ்சியில கேலி துளிகூட இல்ல. கும்பிட்ட கையை எறக்கவும் இல்ல.

அந்தப் பெரிய மனுஷன் எந்திரிச்சு நின்னார். என் பேரைக் கேட்டார். அப்புறம் உள்ளாற பாத்துச் சொன்னார்...

"ஏலே, இங்கன இன்னொரு சேர் போடு. ஒண்ணாந்தேதி இந்தப் புள்ள வருது."

ரொம்ப நாள் கழிச்சு அவரே சொல்லிச் சிரிச்சார். "அந்தப் புள்ள கும்பிட்டு நிக்கையில இல்லேன்னு சொல்ல எனக்கு நாக்கு எழலம்மா."

இன்னைக்கும் எனக்குப் பிரமிப்புதான். சொன்னவரே நம்பாத ஒரு வார்த்தையை இவ நம்புனா. நம்பியே அதை நெசமாக்கிட்டா. என் வாழ்க்கை அந்தச் சேர்லதான் ஆரம்பிச்சது.

இப்ப எல்லாம் ஆன்லைன். அப்ளை பண்ணா இல்லேன்னு சொல்லக்கூட ஆள் கெடையாது... டீக்கு எங்க போறது?

நானும் இன்டர்வியூ எடுக்குற எடத்துக்கு வந்துட்டேன். எதிர்ல உக்காந்திருக்க புள்ளைகிட்ட "அப்புறம் சொல்றோம்மா"ன்னு வாய் வரைக்கும் வரும். அப்படியே முழுங்கிருவேன்.

அது நம்பிருச்சுன்னா?