அசையாத முட்டை

தமிழினி முட்டை செய்வாள். நாமக்கல்லில் வலைத்தளம் வடிவமைக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் அவளுக்கு வேலை. ஒரு பக்கம் திறக்க நேரமானால், அதுவரை கண்ணுக்கு எதையாவது காட்ட வேண்டும். கோழிப்பண்ணைக்காரர்கள் தீவனம் வாங்கும் தளத்துக்காக, படம் எதுவும் வைக்காமல், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் ஸ்டைல் ஷீட் வரிகளிலேயே அவள் ஒரு வெள்ளை முட்டையை வரைந்தாள். அது இப்படியும் அப்படியும் ஆடும், விரிசல் விடும், உள்ளிருந்து மஞ்சளாக ஒரு மூக்கு எட்டிப் பார்க்கும். பக்கம் சீக்கிரம் திறந்துவிடுகிறதே என்று பண்ணைக்காரர்கள் குறைபட்டுக்கொண்டார்களாம். முதலாளி ஆனந்தகுமார் வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் இறங்கியபின் ஒரு காதில் இரைச்சல் மட்டும் தங்கிவிட்டது. அலுவலகம் போய்க் கணினியைத் திறந்தாள். முட்டை ஆடியது, கூடவே சுவரும் ஆடியது. மேசையைப் பிடித்துக்கொண்டே வாந்தி எடுத்தாள்.

உள்காதின் நரம்பு கெட்டுவிட்டது என்றார் சேலத்து மருத்துவர். "பழகிக்கும்மா. சில பேருக்குப் பழகாமயும் போகும்."

அவளுக்குப் பழகவில்லை. மின்விசிறியைப் பார்க்க முடியவில்லை, பேருந்தில் ஏற முடியவில்லை. ஆனாலும் வேலையை விட மனம் வரவில்லை. அசைவு வேண்டாம் என்று போனிலோ கணினியிலோ உள்ள செட்டிங்கில் ஒருவர் குறித்து வைத்திருந்தால், அவருக்கு மட்டும் முட்டை ஆடாமல் நிற்கும்படி ஸ்டைல் ஷீட்டில் நாலு வரி சேர்த்தாள். ஆடும் முட்டைகளை அலுவலகம் கொடுத்த கணினியில் வீட்டிலிருந்து செய்தாள்; வரிகளை எழுதிவிட்டு, முட்டை ஆடும்போது கண்ணை மூடிக்கொள்வாள். கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போகும் அம்மா வசந்தாமணி, மத்தியானம் சோற்றுக்கு வரும்போது அவளுக்காகத் திரையைப் பார்த்தாள்.

"எப்படீங்கம்மா ஆடுது?"

"நல்லா ஆடுது சாமி."

"வெடுக்குனு இழுக்குதா, மெதுவா வருதா?"

அம்மா வெகுநேரம் பார்த்தாள். "எனக்கென்ன கண்ணு தெரியும்? ஆடுது, அவ்ளோதான்."

வெடுக்கென்றுதான் இழுத்தது. ஆனந்தகுமார் போனில் சொன்னபோதுதான் அது அவளுக்குத் தெரிந்தது. அடுத்த முறையும் அப்படியே ஆனது.

ஒருநாள் அவரே வீட்டுக்கு வந்தார். அசைவு வேண்டாம் என்று தெரியாமலே குறித்திருந்த பெரிய பண்ணைக்காரர் ஒருவரின் போனில் முட்டை அசையாமல் நின்றிருக்கிறது. தளமே செத்துப்போய்விட்டது என்று அவர் சத்தம் போட்டிருக்கிறார்.

"அந்த நாலு வரிய எடுத்துரும்மா. எல்லாத் தளத்துலயும்."

"என்னையாட்டம் இருக்கறவீங்களுக்குத்தானுங்க சார் அது."

"உன்னையாட்டம் எத்தன பேரு இருக்காங்க?" அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

தன்னைத் தவிர அப்படி ஒருவரையும் அவள் பார்த்ததில்லை.

அவர் போனபின் ஒவ்வொரு தளமாகத் திறந்து தானே அந்த வரிகளை அழித்தாள். அழித்தபின் முட்டை சரியாக ஆடுகிறதா என்று பார்க்கவேண்டியிருந்தது. பார்த்தாள். அன்று முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். அம்மா ஈரத்துணியை நெற்றியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கணினியை எடுத்துப் போனார். தீபிகா என்ற பெண்ணை அவள் இடத்தில் வேலைக்குச் சேர்த்திருப்பதாகவும், நன்றாகச் செய்கிறாள் என்றும் சொன்னார்.

ஒரு பள்ளி விடுதியில் போன் எடுக்கும் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டு, அவர்கள் வரச்சொன்ன நாளில் மாத்திரை போட்டுக்கொண்டு பேருந்து ஏறினாள் தமிழினி. பாதி வழியில் இறங்க வேண்டியதாயிற்று. ரோட்டோரப் புளியமரத்தடியில் தலையைப் பிடித்தபடி உட்கார்ந்து விடுதிக்குப் போன் செய்தாள்.

"நாளைக்கு வாரனுங்க" என்றாள்.

"நாளைக்கு வேணாம்மா, ஆள் போட்டாச்சு" என்றார்கள்.

வெயில் இறங்கும்வரை அங்கேயே இருந்துவிட்டு, வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.