வெத்து ஃப்ளாஷ்

கேமராவை பீரோவிலிருந்து வெளியே எடுத்தது என் ஆசையினால் அல்ல, அவன் கேட்டதால். அவன் என் சிநேகிதன். பதினாறு வருடம் கல்யாண வீடுகளில் நான் கேமரா பிடிக்க, என் தோளை ஒட்டி நின்று விளக்குப் பிடித்தவன். செல்லூரில் ஒரே சந்தில் வளர்ந்தோம். சொந்தம் ஒன்றும் கிடையாது, ஆனாலும் நான் அவனுக்கு மாப்ள, அவன் எனக்கு மாப்ள. டிஜிட்டல் வந்து எங்கள் பிழைப்பு முடிந்ததும் நான் ஜெராக்ஸும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுமாக ஒரு சின்னக் கடை போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவன் லோடு ஆட்டோ ஓட்டினான். அப்புறம் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவனாக ஆனான்.

ஒருநாள் பார்க்கப் போயிருந்தபோதுதான் கேட்டான்.

"நம்ம டப்பா இன்னும் இருக்குல்ல மாப்ள? அதுல என்னைய ஒண்ணு எடேன்."

"செல்லுலயே எடுக்கிறேன்டா. பளிச்சுன்னு இருக்கும்."

"வேணாம். அதுல எடுத்த கையோட மூஞ்சிக்கு நேரா நீட்டிருவாங்க. எனக்கே பாக்கச் சகிக்கல." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "எம்புட்டு கல்யாணம் போயிருப்போம். ஒரு ஆல்பத்துலயாவது நான் இருக்கேனா சொல்லு. என் கை இருக்கும். இல்லாட்டி செவுத்துல நிழலு இருக்கும்."

அவன் சொன்னது அப்படியே உண்மை.

அந்த டப்பா, மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் வைத்த பழைய கேமரா. மேல் கண்ணால் நாம் பார்க்கலாம், கீழ்க்கண் படம் எடுக்கும். வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, குனிந்து மேலே இருக்கும் கண்ணாடியில் பார்க்க வேண்டும். ஆள் வலப்பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் இடப்பக்கம் போவார். அகலமான ரோல், ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம்.

பன்னிரண்டே படம் என்பதால்தான் நாங்கள் அந்தத் திருட்டுத்தனத்தைப் பழகினோம். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்ததுதான். கல்யாண வீட்டில் பெண்ணின் சித்தப்பா வருவார், மாப்பிள்ளையின் அத்தை வருவாள், பந்தியில் பரிமாறுகிறவர் கூட வந்து நின்று "எங்களையும் ஒண்ணு எடுங்கண்ணே" என்பார். மாட்டேன் என்றால் சண்டை. எடுத்தால் தாலி கட்டும்போது ரோல் இருக்காது. அதனால் கேமராவைத் தொடாமல், ஃப்ளாஷின் முதுகில் இருக்கும் சின்னப் பொத்தானை மட்டும் அமுக்குவோம். பளீரென்று வெளிச்சம் வரும். ஃபிலிமில் ஒன்றும் விழாது. அதற்குப் பெயர் வெத்து.

வெத்து அடித்ததும் நான் "அருமை!" என்பேன். அதைக் கேட்டதும் அவன் விளக்குத் தண்டின் தளர்ந்த திருகைக் கர்ரென்று திருப்புவான். ஃபிலிம் சுற்றுகிற சத்தம் போலவே இருக்கும். நின்றவர்கள் சந்தோஷமாகச் சாப்பிடப் போவார்கள். நிஜப் படம் எடுக்கும்போது நான் வாயே திறப்பதில்லை. ஆகவே நான் யாரைப் புகழ்ந்தேனோ அவர்கள் எல்லாம் ஏமாந்தவர்கள். இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

அவனுக்கே ஒரு தடவை வெத்து அடித்தேன். அவன் கல்யாணத்தில் கேமரா நான்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மாலையும் கழுத்துமாகத் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்து, "ஆத்தாவோட ஒண்ணு எடு மாப்ள" என்றான். ரோல் முடிந்திருந்தது. கிழவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விறைப்பாக நின்றுவிட்டாள். அவளிடம் இல்லையென்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. வெளிச்சம் அடித்துவிட்டு "அருமை!" என்றேன். மாலைக்கு மேலாக அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அவன் அம்மா இருந்த மட்டும் அந்தப் படம் எங்கே என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "கழுவும்போது கெட்டுப் போச்சு ஆத்தா" என்று ஒவ்வொரு தடவையும் அவனே சொல்லி என்னைக் காப்பாற்றினான்.

பீரோவிலிருந்து எடுத்தபோது லென்ஸில் பூஞ்சை படர்ந்திருந்தது. மெல்லிய துணியால் துடைத்துத் துடைத்து ஒருவாறு தெளிய வைத்தேன். ரோலைக் கடைகடையாகத் தேடி அலைந்தும் கிடைக்காமல், கூரியரில் வரவழைத்தேன். கழுவுவதற்கும் இங்கே ஆளில்லை, சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டும். முதல் ரோலைப் பரவைப் பக்கம் போய்க் கண்மாயையும் வயலையும் எடுத்துச் சோதித்துப் பார்த்தேன். திரும்பி வந்ததில் நாலு படம் வெளிச்சம் கசிந்து கெட்டிருந்தன, எட்டு தேறின. பின்மூடியில் கறுப்பு டேப் ஒட்டி இரண்டாவது ரோலைப் போட்டேன். அதில் முதல் படம் அவனுடையதாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

டயாலிசிஸ் இல்லாத ஒரு காலையில் போனேன். தீபாவளிக்கு எடுத்து உடுத்தாமல் வைத்திருந்த சட்டையைப் போட்டு, மடிப்புக் கலையாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஊசி ஏற்றி ஏற்றிப் புடைத்துப்போன கையை ஒரு துண்டால் மூடியிருந்தான். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அறையில் வெளிச்சம் போதாது, ஃப்ளாஷ் வேண்டியிருந்தது. விளக்குப் பிடிக்க ஆளில்லாததால் ஸ்டூலின் மேல் வைத்தேன். "கொஞ்சம் சாய்ச்சு வை மாப்ள, மூக்கு நிழலு விழுது பாரு" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே திருத்தினான்.

குனிந்து கண்ணாடியில் பார்த்தேன். வீங்கிய முகம்தான், கண்ணுக்குக் கீழே தொங்கும் சதைதான். ஆனால் அவன் பார்த்த பார்வையில் பழைய குசும்பு முழுசாக இருந்தது. அமுக்கினேன். கீழ்க்கண் திறந்து மூடிய சத்தம் என் விரலுக்குத் தெரிந்தது. அப்படி ஒரு முகம் அமைந்துவிட்ட சந்தோஷத்தில் என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது.

"அருமை!"

மனதாரச் சொன்னேன். என் வாழ்நாளில் அந்தச் சொல்லை நிஜமாகச் சொன்னது அன்றுதான்.

அவன் முகம் அப்படியே அடங்கியது. "வெத்தா மாப்ள?" என்றான்.

"டேய், சத்தியமா இல்லடா. நெசமாவே எடுத்தேன். இந்தா பாரு, சுத்துறேன்." பக்கத்துப் பிடியைச் சுற்றினேன். கர்ரென்றது.

சிரித்தான். "அந்தச் சத்தம் போடுறது யாரு வேலைன்னு மறந்து போச்சாக்கும்?"

பின்மூடியைத் திறந்து ரோலைக் காட்டியிருக்கலாம். திறந்தால் படம் போய்விடும். நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் செய்ய அவன் இன்னும் மென்மையாகச் சிரித்தான். "சரி சரி, நம்புறேன். இன்னும் ரெண்டு எடு" என்றான். எடுத்தேன். வாயை இறுக மூடிக்கொண்டு எடுத்தேன். அந்த இரண்டுக்கும் அவன் அழகாக உட்கார்ந்தான். கல்யாண வீட்டில் நாங்கள் ஏமாற்றினவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

மிச்சம் ஒன்பது படம் இருந்தது. அன்றைக்கே ரோலைச் சுற்றி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. பாதி ரோலைக் கழுவ அனுப்புகிறவனை எங்கள் தொழிலில் பைத்தியக்காரன் என்பார்கள். அந்தப் புத்தி ரத்தத்தில் ஊறிவிட்டது. அலங்காநல்லூர்ப் பக்கம் பஸ்ஸில் போய் ஒரு தொழுவத்தில் கட்டியிருந்த காளையை எடுத்தேன். அறுத்த வயலை எடுத்தேன். வைகைப் பாலத்தில் நின்று சாக்கடையை எடுத்தேன். நல்ல வெளிச்சத்துக்குக் காத்திருந்து காத்திருந்து, ஒன்பதையும் முடிக்க எனக்குப் பதினேழு நாள் ஆனது. யாருக்கு வேண்டும் அந்தக் காளை! இடையில் இரண்டு தடவை அவனைப் பார்க்கப் போனேன். "வந்துருச்சா?" என்று ஒரு தடவை கூட அவன் கேட்கவில்லை. முடியாதவன், மறந்துவிட்டான் என்று நினைத்தேன்.

ரோல் சென்னைக்குப் போன நாலாம் நாள், டயாலிசிஸ் நாற்காலியிலேயே நெஞ்சு அடைத்து அவன் போய்விட்டான்.

சாவு வீட்டிலிருந்து அவன் மகள் நேராக என் கடைக்கு வந்தாள். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்குப் படம் வேண்டும் என்று ஆதார் அட்டையை நீட்டினாள்.

"அப்பாவ எடுத்தது சென்னைல கெடக்கும்மா. இன்னும் வரல" என்றேன்.

"பரவாயில்ல மாமா. இதையே பெருசாக்கிக் குடுங்க" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள். துக்கம் என்று நினைத்தேன்.

அட்டையை ஸ்கேன் செய்து, அந்தக் கலங்கிய முகத்தைக் கம்ப்யூட்டரில் வெட்டி எடுத்து, நீலப் பின்னணியில் வைத்து, கழுத்துக்குக் கீழே யாரோ ஒருவனுடைய கோட்டையும் டையையும் ஒட்டினேன். வாழ்க்கையில் கோட் போடாதவன். தினமும் செய்கிற வேலைதான், யார் யாருக்கோ செய்திருக்கிறேன். அன்று கழுத்தும் கோட்டும் சேரும் இடத்தை மூன்று தடவை அழித்து அழித்து ஒட்டினேன். சந்து முனையில் அவன் அந்தக் கோட்டோடு பத்து நாள் தொங்கினான். அந்தப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் கடைக்குப் போனேன்.

படங்கள் வந்தன. டேப் ஒட்டியது பலித்திருந்தது, ஒரு கசிவு கூட இல்லை. முதல் படத்தில் அவன் இருக்கிறான், முழுசாக, மூக்கு நிழல் இல்லாமல், என்னைக் கேலி பண்ணத் தயாராக. அதைப் பெரிதாகப் போட்டு, நெகட்டிவோடு ஒரு கவரில் வைத்து எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். மகள் வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இது எப்ப மாமா எடுத்தது?"

"அன்னைக்குக் காலைல வந்தேன்லம்மா, நீ கூட டீ போட்டுக் குடுத்தியே."

"அன்னைக்கா? அப்பா வேற மாதிரில்ல சொன்னாரு." அவளுக்குச் சொல்லத் தயக்கம். "'மாமா சும்மா வெளிச்சந்தான் அடிச்சாரு, உள்ள ரோல் ஓடல. எங்கிட்ட இல்லேன்னு சொல்ல அவருக்கு மனசு வரல, பாவம். நான் போனப்புறம் படம் எங்கன்னு அவருகிட்ட யாரும் கேட்டுறாதீங்க, சங்கடப்படுவாரு'ன்னு சொன்னாரு."

கவரைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். உள்ளேயிருந்து நெகட்டிவை உருவி, வாசலுக்குப் போய் வெயிலில் தூக்கிப் பிடித்தேன். அடுத்தடுத்து மூன்று கட்டத்தில் அவன் உட்கார்ந்திருந்தான்.

"இங்க பாரும்மா. ரோல் ஓடியிருக்கு. மூணும் விழுந்திருக்கு, பாரு" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

அவள் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். "ஆமா மாமா, இருக்கு" என்றாள்.