வண்டிதான் விழுந்தது

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னால் உள்ள தெருவில், மாற்றுத்திறனாளிகளுக்கான பகல்நேர மையம் ஒன்றில் நான் பொறுப்பாளராக இருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் வளர்ந்தவர்கள். காலையில் வேனில் வந்து இறங்குவார்கள். பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவார்கள், சாப்பாட்டு நேரத்தில் அப்பளத்துக்காகச் சண்டை போடுவார்கள், சாயங்காலம் அதே வேனில் கிளம்பிவிடுவார்கள். இதற்கு முன் நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததால் எல்லோருக்கும் நான் "டீச்சர்".

போன வருடம் கடலூரில் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. மையத்தில் யாருக்காவது அடிபட்டால் உடனே எழுத வேண்டும், குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும், அடிபடாமல் தப்பித்திருந்தால்கூட அதையும் எழுத வேண்டும் என்றார்கள். எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. திரும்பி வந்ததும் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன். எங்கள் உதவியாளர் அக்கா, மையம் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர், பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எழுதினா யாரு மேல தப்புன்னு கேப்பாங்க டீச்சர். தப்பு யாரு மேலன்னு கேட்டா எங்க மேலதான் வரும். ஏதாச்சும் ஆனா தொடச்சிவுட்டுட்டு போறத வுட்டுட்டு எழுதிக்கினு ஒக்காரணுமா?"

வாரக்கணக்கில் ஒரு ரிப்போர்ட்கூட வரவில்லை. சுடுதண்ணீர் கொட்டினாலும் "ஒண்ணும் ஆவல", கதவில் விரல் நசுங்கினாலும் "ஒண்ணும் ஆவல". எழுத்தில் பார்த்தால் இந்த ஊரிலேயே பாதுகாப்பான இடம் எங்கள் மையம்தான்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை, வாசல் சாய்தளத்தில் அது நடந்தது. பெண்ணாடத்துக்குப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண், முப்பதைத் தாண்டியவள், பிறந்தபோதே மூளை முடக்குவாதம். சக்கர நாற்காலியில்தான் இருப்பாள். ஒவ்வொரு சொல்லையும் இழுத்துத்தான் பேசுவாள் என்பதால் பெரும்பாலோர் அவள் முடிக்கும்வரை காத்திருக்க மாட்டார்கள், அவர்களே முடித்துவிடுவார்கள். அவளுக்கு அதில் தீராத கோபம். அன்று அக்கா அவளை வெளியே இருக்கும் கழிப்பறைப் பக்கம் அழைத்துப்போவதற்காகச் சாய்தளத்தில் இறக்கினார். அங்கே பதித்திருந்தது பளபள டைல்ஸ். சாரலில் நனைந்து கண்ணாடி மாதிரி கிடந்தது. அக்காவின் கால் வழுக்கியது. அவர் உட்கார்ந்த நிலையிலேயே சறுக்கிக்கொண்டு போக, நாற்காலி முன்னால் ஓடி, கீழே இருந்த செம்பருத்திச் செடித் தொட்டியில் மோதிப் பக்கவாட்டில் சாய்ந்தது.

நான் ஓடிப்போனபோது அவள் பெல்ட்டோடு நாற்காலியிலேயே படுத்திருந்தாள். நெற்றியில் ஒரு வீக்கம், முழங்கையில் சிராய்ப்பு. அக்கா தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். ஆட்டோ பிடித்து இருவரையும் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், பயப்பட ஒன்றுமில்லை என்று மருந்து எழுதிக் கொடுத்தார். அக்காவுக்குத்தான் வலி அதிகம்.

மையத்துக்குத் திரும்பியதும் நான் போனை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"சாயந்தரம் வேன்ல போவும்போது பக்குவமா சொல்லிக்கலாம் டீச்சர். இப்ப சொன்னா அந்தம்மா பதறிப்பூடும்."

"சாயந்தரம் வீக்கத்த பாத்துட்டு அவங்களே கேட்டா இன்னும் பதறுவாங்கக்கா" என்று சொல்லிவிட்டு எண்ணை அழுத்தினேன்.

அவளுடைய அம்மா கரும்பு வெட்டில் இருந்தார். நடந்ததை அப்படியே சொன்னேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். பிறகு, "பஸ்ஸ புடிச்சி வரேன்" என்றார்.

வந்தவர் நேராக மகளிடம் போனார். கைகளில் கரும்புத் தோகை கிழித்த கோடுகள் அப்படியே இருந்தன. மகளின் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதுகைத் தடவினார், கால்களை நீட்டி மடக்கினார். அக்கா சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் அம்மா என்னிடம் திரும்பினார்.

"முன்ன ஒரு எடத்துல வுட்டிருந்தோம். ஒரு தடவ தொடை பூரா கன்னிப்போயி வந்துச்சு. கேட்டா கொசு கடின்னாங்க. அவ்ளோ பெரிய கொசுவ நாங்க பாத்ததே இல்ல."

நான் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"நீங்க கூப்ட்டு சொன்னீங்க. கோவமாத்தான் இருக்குது. ஆனா இன்னிக்கி தூங்கிடுவேன்" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "ஒனக்கு இடுப்புல அடியா? வெந்நி ஒத்தடம் குடு" என்றார். டீயும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மறுநாள் நான் ரிப்போர்ட் எழுதினேன். சம்பந்தப்பட்டவரிடம் படித்துக்காட்ட வேண்டும் என்பதும் பயிற்சியில் சொன்னதுதான். "மழையின் காரணமாகச் சாய்தளத்தில் வழுக்கி விழுந்தார்" என்ற முதல் வரியிலேயே அவள் கையைத் தூக்கினாள்.

"நான் விழல" என்றாள்.

நான் காத்திருந்தேன். அடுத்த வாக்கியம் வர நேரமாகும்.

"வண்டிதான் விழுந்துச்சு. நான் அதுல இருந்தேன்."

யோசித்துப் பார்த்தால் அதுதான் உண்மை. அடித்துவிட்டு எழுதினேன். அடுத்து "உதவியாளரின் பிடி நழுவியது" என்று வந்தது. மறுபடியும் கை.

"அக்கா வழுக்கிச்சு. அப்பறம்தான் கை வுட்டுச்சு. என்னோட சேந்து பாதி தூரம் வந்துச்சு. அத்த எழுதுங்க."

வண்ணக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்த அக்கா குழாயை மூடிவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார். நான் எழுதினேன். காரணம் என்ற இடத்துக்கு வந்தபோது அவள் என்னைக் கேட்காமலே சொன்னாள்: "டைல்ஸ்."

அங்கேதான் சிக்கல். அந்த டைல்ஸ் நன்கொடை. ஊரில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவர் இலவசமாகக் கொடுத்து, ஆளும் அனுப்பிப் பதித்துத் தந்தது. திறப்பு விழாவில் அவருக்குச் சால்வை போட்டோம். எங்கள் செயலாளர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு நெளிந்தார்.

"தரை ஈரமா இருந்துச்சுன்னு எழுதினா போதுமே டீச்சர். அவரு மனசு நோவும்."

பக்கத்தில் இருந்த அவள், "மழ பெஞ்சா, தரை, ஈரமாத்தான், இருக்கும்" என்றாள். செயலாளர் முழுவதையும் காத்திருந்து கேட்க வேண்டியதாயிற்று. கேட்டபின் பேனாவைத் தேடி எடுத்தார். கையெழுத்துப் போட்டார். கடைக்காரரை நேரில் அழைத்துச் சொல்லிவிடுவது என்று முடிவானது.

அவர் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம். சாய்தளத்தின் மேல் நின்றுகொண்டு, "நல்ல அயிட்டமாச்சே மேடம், கம்பெனி சரக்கு" என்றார். நான் பணிவாக ஒரு வாக்கியம் தயார் செய்துகொண்டிருந்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"செருப்ப கழட்டுங்க. அக்கா தண்ணி ஊத்தும். நடந்து பாருங்க."

அக்கா நிஜமாகவே வாளியை எடுத்துவிட்டார். கடைக்காரர் டைல்ஸைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், தன் வேட்டியையும் பார்த்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"வேணாம்மா. எனக்கே தெரியும். என் வூட்டு பாத்ரூம்ல இத நான் போடல."

அந்த வாரமே பழையதைப் பெயர்த்துவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் போடுகிற சொரசொரப்பான டைல்ஸ் அனுப்பினார். கொத்தனார் சரிவையும் நீட்டிவிட்டுக் கைப்பிடிக் கம்பி வைத்தார். வேலை முடிந்த அன்று மையமே வெளியே வந்து நின்றது. தண்ணீர் ஊற்றி, முதலில் வெறும் நாற்காலி, அடுத்து அரிசி மூட்டை வைத்த நாற்காலி, கடைசியில் அவள். அக்கா வெறுங்காலோடு தள்ளினார். கீழே போய்ச் சேர்ந்ததும் அவள் "இன்னொரு தடவ" என்றாள். அன்று மதியம் வரை பொம்மைகளுக்கு யாரும் வண்ணம் தீட்டவில்லை.

அதன்பிறகு ரிப்போர்ட்டுகள் வரத் தொடங்கின. முதலில் அக்கா வந்தார். சமையலறை கேஸ் குழாயில் வெடிப்பு இருப்பதாகச் சொல்லி, "ஒண்ணும் ஆவல. ஆவறதுக்குள்ள எழுதிக்குங்க" என்றார். அன்றே குழாயை மாற்றினோம். வெள்ளிக்கிழமைதோறும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசும் வழக்கமும் வந்தது. வேன் வளைவில் திரும்பும்போது கதவு தானாகத் திறப்பதை, பேசவே வராத ஒருவர் கையால் நடித்துக்காட்டிச் சொன்னார். ரசத்தில் மிளகு அதிகம் என்பதையும் ஒருவர் பாதுகாப்புப் பிரச்சினையாகக் கொண்டுவந்தார். அதையும் எழுதினேன். சமையல்காரம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

போன மாதம் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஓர் அம்மா தன் மகனைச் சேர்க்க வந்தார். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, எழுந்து போகும் நேரத்தில் தயங்கி நின்றார்.

"பையனுக்கு இங்க ஏதாச்சும் ஆச்சுன்னா எங்களுக்கு சொல்லுவீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தன் மேசையிலிருந்து பேச ஆரம்பித்துவிட்டாள். கையில் பாதி வண்ணம் பூசிய பீங்கான் வாத்து இருந்தது. வந்தவர் அவசரப்படாமல், அவள் பக்கம் முழுதாகத் திரும்பி நின்று கேட்டார்.

"சொல்லுவாங்க. சின்ன விஷயத்துக்கெல்லாம் சொல்லுவாங்க. போன் எடுத்து எடுத்து ஒங்களுக்கு கை வலிக்கும்."

அந்த அம்மா சிரித்தார். இரண்டு எண்கள் கொடுத்தார். ஒன்று தன்னுடையது, மற்றது தான் எடுக்காவிட்டால் கூப்பிட வேண்டிய பக்கத்து வீட்டுக்காரருடையது. அவள் வாத்தின் மூக்குக்கு ஆரஞ்சு நிறத்தைத் தேடத் தொடங்கினாள்.