அளவு பிளவுஸ்

கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டில் ஒரு தையல் மெஷின் வைத்திருந்தால் போதும், நிம்மதி போய்விடும். எங்கள் தொடர்மாடியில் என் கதவைத் தட்ட யாருக்கும் நேரம் காலம் கிடையாது. "ஒரு சின்னத் தையல்தானே அக்கா" என்பார்கள். சின்னத் தையலாம். ஹூக் பிய்ந்தாலும் சின்னத் தையல், சேலை முழுக்க ஓரம் அடித்தாலும் சின்னத் தையல். வாயைத் திறந்து மாட்டேன் என்று சொல்லவும் எனக்கு வராது. வாங்கி வைத்துவிட்டுப் பிறகு தனியே இருந்து திட்டுவேன்.

என் ஒரே மகளின் கலியாணத்துக்கு முந்தின வாரமும் இதே கதைதான். கலியாணத்துக்கு வருகிற பெண்களில் பாதிப்பேரின் பிளவுஸ்கள் என் மேசையில் குவிந்து கிடந்தன. கலியாணப் பொம்பிளையின் தாய்க்கு மட்டும் பிளவுஸ் இல்லை. மகள் கடை கடையாக ஏறி இறங்கி எனக்கென்று எடுத்த மஞ்சள் பட்டுச் சேலை. "தாலி கட்டேக்க நீங்கள் இதைத்தான் உடுக்கோணும் அம்மா" என்று சொல்லியிருந்தாள். அதற்குரிய பிளவுஸ் துண்டை நான் வெட்டக்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கொட்டாஞ்சேனைக்காரி வந்தாள். அவளும் தையல்காரிதான், என்னைவிட இளையவள். புறக்கோட்டை நூல் கடையில் மிஞ்சியிருந்த ஒரேயொரு அரக்கு நூல் ரீலுக்கு இரண்டு பேரும் ஒன்றாகக் கை நீட்டியதில் பழக்கமானவள். அன்று ரீலை வாங்கி, பாதி நூலை வெறும் ரீலொன்றில் சுற்றி என் கையில் தந்தாள். அதன் பிறகு எனக்கு ஹூக் முடிந்தால் அவள், அவளுடைய மெஷின் பெல்ட் அறுந்தால் நான் என்று ஆகிவிட்டது. நல்ல மனிசி. ஆனால் அவளுடைய நல்ல மனசே சில நேரம் பெரிய அரியண்டம். கேட்காமலே செய்வாள். வேண்டாம் என்றால் காதில் விழாது.

"அக்கா, உங்க பிளவுஸ இன்னும் வெட்டவே இல்லையா?" என்றாள். "இங்க குடுங்க. நான் தச்சிட்டு வாறேன்."

"வேண்டாம் பிள்ளை. உமக்கும் வேலை கிடக்கும்."

துணி அதற்குள் அவள் பைக்குள் போய்விட்டது. கழுத்தில் தொங்கிய டேப்பைக் கையில் எடுத்தாள்.

"அளவு எடுக்கவா அக்கா?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. முழங்கால் வருத்தத்துக்குக் குளிசை போடத் தொடங்கிய பிறகு உடம்பு ஊதியிருந்தது உண்மைதான். அதை ஊரார் அளந்து பார்க்க வேண்டுமா? அலுமாரியின் அடியிலிருந்து பழைய பிளவுஸ் ஒன்றை உருவிக் கொடுத்தேன்.

"இந்த அளவுக்குத் தையும். நான் அப்பிடியேதான் இருக்கிறன்."

அவள் பிளவுஸைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். "சரி அக்கா" என்றாள்.

தைத்த பிளவுஸ் கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் வந்து சேர்ந்தது. மற்றவர்களுக்கு ஹூக் தைத்து முடிக்கவே எனக்கு நேரம் போதவில்லை. போட்டுப் பார்க்கவில்லை.

கலியாணத்தன்று மண்டபத்து அறையில் கையை நுழைத்தேன். முழங்கைக்கு மேல் ஏறவில்லை. மேக்கப் போட வந்த பிள்ளை இழுத்துப் பார்த்தாள். என் தங்கை இழுத்துப் பார்த்தாள். வெளியே நாதஸ்வரம் தொடங்கிவிட்டது.

"வேற சேலையை உடுங்கோ அக்கா, ஆர் பாக்கப் போகினம்?" என்றாள் தங்கை.

மகள் பார்ப்பாள். எனக்கு விசர் வந்துவிட்டது. "தையல்காரியாம் தையல்காரி. ஆளைப் பார்த்தும் தெரியாதோ? கண் எங்க போனது?" என்று கத்தினேன். பழைய பிளவுஸைக் கொடுத்தது நான்தான் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை, வர விடவுமில்லை. பிளவுஸைக் கழற்றி, பிரித்துவிட ஏதும் துணி இருக்கிறதா என்று உட்பக்கம் திருப்பினேன்.

உள்ளே இரண்டு தையல்கள் ஓடியிருந்தன. ஒன்று பெரிய பெரிய தையல். நுனியில் முடிச்சுக்கூட இல்லாமல் நூல் நீளமாகத் தொங்கியது. அதற்கு வெளியே பெருவிரல் அகலம் தள்ளி, நெருக்கமான, உறுதியான இன்னொரு தையல். இரண்டு விலாவிலும் அப்படி, இரண்டு கையிலும் அப்படி. தொங்கிய நூலைப் பிடித்து இழுத்தேன். அரிசி மூட்டையின் வாயைப் பிரிக்கும்போது வருமே, அதுபோல முழு நூலும் ஒரே இழுவையில் கையோடு வந்தது.

மற்றப் பக்கங்களையும் அப்படியே உருவிவிட்டுப் போட்டேன். பிளவுஸ் எனக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. அழுகை வந்தது. அதைவிட எரிச்சல் வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தானே அவள்? சொல்லியிருந்தால் அன்றைக்கே அவளோடு சண்டை பிடித்திருப்பேன் என்பதும் தெரிந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மஞ்சள் பட்டோடு மேடையில் நின்றேன். தாலி கட்டும்போது மகள் நிமிர்ந்து என்னைத் தேடிப் பார்த்தாள்.

சாப்பாட்டு நேரம் கொட்டாஞ்சேனைக்காரி பக்கத்தில் வந்தாள். அவள் கண் ஒரே ஒரு தடவை என் விலாப் பக்கம் போய் வந்தது.

"பிளவுஸ் சரியா இருந்துச்சா அக்கா?"

"திறமா இருந்தது. என்ர அளவுதானே."

அவள் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"அந்த அளவு பிளவுஸ் என்கிட்டதான் இருக்கு. அடுத்த தடவைக்கும் அதையே வச்சுத் தைக்கவா?"

"ஓம் பிள்ளை," என்றேன். "அதையே வைச்சுத் தையும்."