கோபாலின் மகள் படித்த ஆறாம் வகுப்பு

காவாந்தண்டலத்தில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் கோபால் என்றால் எல்லோருக்கும் தெரியும். காலை ஐந்தரைக்கு மோட்டார் போட்டு ஆறரைக்கு வால்வு திறப்பான். அந்தச் சம்பளம் போகக் கொஞ்சம் நிலம் உண்டு. மனைவி சுலோச்சனா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். பிள்ளை என்று இருப்பது ஒரே பெண், இளவரசி.

கோபால் எட்டாவதோடு நின்றவன். ஒருமுறை ஒன்றிய அலுவலகத்தில் ஆங்கிலத்தில் அடித்த ஒரு தாளை நீட்டி, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். படிப்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போட்டான். "என்ன எழுதியிருக்கு, சொல்லு பாக்கலாம்" என்று மேசைக்குப் பின்னால் இருந்தவர் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவன் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அந்த வருடம்தான் இளவரசி ஐந்தாவது முடித்திருந்தாள். உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு தனியார் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் அவளை ஆறாவது சேர்த்தான் கோபால். சுலோச்சனா வேண்டாம் என்றாள். "நம்ம ஊரு ஸ்கூலுக்கு இன்னா குறைச்சல்?" என்று கேட்டாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டை கட்டத் தெரியாமல் முடிதிருத்தும் கடை வரதனிடம் போய்க் கற்றுக்கொண்டு வந்தான். காலையில் வால்வைத் திறந்த கையோடு ஓடிவந்து, பெண்ணுக்கு டை கட்டிவிட்டுப் பேருந்து ஏற்றுவான். மகள் 'குட் மார்னிங் மிஸ்' சொல்லிக் காட்டினால் இன்னொரு தரம் சொல்லச் சொல்வான். அவன் வாழ்க்கையில் தலைநிமிர்ந்து நடந்த வருடம் அது ஒன்றுதான் என்று சொன்னால் மிகையில்லை.

அடுத்த வருடம் மழை பொய்த்தது. கிணறு அடிமட்டத்துக்குப் போனது. பயிர் காய்ந்தது. இளவரசி டி.சி. வாங்கிக்கொண்டு ஏழாவதுக்கு அரசுப் பள்ளிக்கு வந்தாள். டை பெட்டிக்குள் போனது. பெண் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. பன்னிரண்டாவது வரை அங்கேயே படித்து, ஐந்நூற்று அறுபத்தொரு மதிப்பெண் வாங்கினாள்.

இன்ஜினியரிங் படிக்க வேண்டும், அதுவும் கம்ப்யூட்டர்தான் என்று ஒன்பதாவதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஏழரை சதவீத இடம் தனியாக இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் படிப்புச் செலவு, விடுதிச் செலவு எல்லாம் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும். அவள் மதிப்பெண்ணுக்குச் சென்னையிலேயே நல்ல கல்லூரி நிச்சயம் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். கோபால் சென்னைக்கு எந்தப் பேருந்து என்று விசாரித்துக்கூட வைத்துவிட்டான்.

அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழ் வாங்கப் போன அன்று தலைமையாசிரியை கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு கோபாலைப் பார்த்தார்.

"ஆறாவது தனியார் பள்ளின்னு காட்டுதுங்களே."

"ஆமா மேடம். ஒரு வருசம்தான். மிச்ச ஆறு வருசமும் கவுர்மெண்ட் ஸ்கூலுதான்."

"ஆறிலேருந்து பன்னிரண்டு வரைக்கும் முழுசா அரசுப் பள்ளியில படிச்சிருக்கணுங்க. அதுதான் ரூல். பொண்ணுங்களுக்கு மாசம் ஆயிரம் தர்றாங்களே, அதுக்கும் இதேதான்."

கோபால் விரல்விட்டு எண்ணினான். "ஏழுல ஆறு கீதே மேடம். அதுக்குத் தக்கன கொஞ்சம் கொறைச்சிக் குடுக்க மாட்டாங்களா?"

அவருக்கும் வருத்தம்தான். பாவம், அவர் என்ன செய்வார்? பொய்ச் சான்றிதழ் கொடுத்தால் நாளைக்குப் பெண்ணின் இடமே போய்விடும் என்று எடுத்துச் சொன்னார். அவள் ஆறாவது சேர்ந்தபோது இப்படி ஒரு சட்டமே கிடையாது, மூன்று வருடம் கழித்துத்தான் வந்தது என்றும் சொன்னார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார். கோபாலுக்கு அது இன்னும் எரிந்தது. செய்தபோது தப்பாக இல்லாத ஒன்று, மூன்று வருடம் கழித்துத் தப்பாகிவிட்டது. யாரிடம் போய் நியாயம் கேட்பது?

பொதுக் கலந்தாய்வில் தனியார் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. முதல் பட்டதாரிச் சலுகை கட்டணத்தில் ஒரு பங்கைத்தான் குறைக்கும். மீதிக்குக் கல்விக் கடன் கேட்டு வங்கிக்குப் போனார்கள். கூடக் கையெழுத்துப் போடும் தகப்பன் பெயரில் பழைய பாக்கி எதுவும் இருக்கக் கூடாதாம். மழை பொய்த்த வருடத்தில் கட்டாமல் விட்ட பயிர்க்கடன் கம்ப்யூட்டரில் அப்படியே நின்றது.

வீட்டில் சுலோச்சனா வெடித்தாள். "ஊரு மெச்சணும்னு சேத்தியே, இப்ப பாரு. வந்து நிக்கிது."

"வுடும்மா, நைனா நல்லதுக்குத்தான பண்ணாரு" என்றாள் இளவரசி. கோபால் எழுந்து வெளியே போய்விட்டான். மனைவி திட்டியதைத் தாங்கிக்கொண்டான். மகள் திட்டாததைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

கடைசியில் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணக்குக்கு விண்ணப்பம் போட்டார்கள். சேர்க்கை அன்று மேசையில் இருந்த பேராசிரியர் மதிப்பெண் பட்டியலை இரண்டு தரம் பார்த்தார்.

"இவ்ளோ மார்க் எடுத்துட்டு இங்க ஏம்மா வந்தே? இன்ஜினியரிங் கிடைக்கலையா?"

கோபால் வாயைத் திறந்தான். நடந்ததை எல்லாம் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தான். இளவரசி முந்திக்கொண்டாள்.

"கிடைச்சிது சார். எனக்குத்தான் இஷ்டமில்ல. நைனா எவ்ளோவோ சொன்னாரு. நான்தான் கேக்கல."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்தவங்க பேச்சக் கேக்காம இப்படித்தான் வாழ்க்கையக் கெடுத்துக்கிறீங்க. அவரப் பாரும்மா, அவரு மூஞ்சியப் பாரு" என்று, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி திட்டினார். இளவரசி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். கோபால் பக்கத்திலேயே நின்றான். 'பெற்றோர் கையொப்பம்' என்று இருந்த இடத்தை அவர் விரலால் காட்டியதும், ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டான்.