ஜன்னலோரக் கரும்பலகை

பாம்பன் கரையிலுள்ள ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை அருள்மேரி. மீனவர் வீட்டுப் பெண். ஊருக்குள் அவர் வாய் என்றால் எல்லோருக்கும் பயம். ஆனால் ஆசிரியர்களுக்கு மட்டும் அவர் புத்தி சொல்வதில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடத்தைக் கவனித்துவிட்டு, கேள்விதான் கேட்பார்.

சாயல்குடியிலிருந்து மாற்றலாகி வந்த கணக்கு ஆசிரியர் வேல்ராஜ் அன்று கொதித்துப்போயிருந்தார்.

"மொத பீரியடுல ஒரு பிள்ளையும் போர்டைப் பாக்க மாட்டேங்குது, டீச்சர்."

"வேற எங்கன பாக்குதுக, சார்?"

"ஜன்னலைத்தான்."

"அங்கன என்ன இருக்கு?"

வேல்ராஜ் யோசித்தார். "கடலு. படகெல்லாம் கரைக்கு வர்ற நேரம். கடலுக்குப் போன அவுக அய்யா வந்துட்டாரான்னு பாக்குதுக போல."

"அப்ப என்ன செய்யலாம்?"

ஜன்னலைச் சாத்துங்கள் என்று சொல்ல அருள்மேரிக்கு நாக்கு துடித்தது. அவர் படித்த காலத்தில் அப்படித்தான் சாத்தினார்கள். அடக்கிக்கொண்டு காத்திருந்தார்.

மறுநாள் காலையில் எட்டிப் பார்த்தார். ஜன்னல் திறந்தே கிடந்தது. வேல்ராஜ் கரும்பலகையை ஸ்டாண்டோடு நகர்த்தி, கடலை மறைக்காமல் ஜன்னலுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், எங்க அய்யா வந்துட்டாரு" என்றாள் அனிட்டா. சொன்ன கையோடு எழுந்துபோய்க் கரும்பலகையில் இருந்த கணக்கைப் போட்டாள்.